கொறிணிகள் நலமாக உள்ளனர்

கொட்டச்சேட்டுப் பக்கத்துக் காப்பி எஸ்டேட் ஒன்றில், எலிகளை இனிமேல் ‘அவர்கள்’ என்றுதான் எழுத வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. கையெழுத்திட்டவர் முனைவர் பொன்னுவேல். எஸ்டேட்டின் பழைய பங்களாவில் அப்போதுதான் திறக்கப்பட்டிருந்த ‘மலை வாழிடத் தர ஆய்வு நிலைய’த்தின் இயக்குநர். ஆய்வுக்கு உட்படும் உயிரை ‘அது’ என்று சுட்டுவது அறிவியலுக்கே இழுக்கு என்பது அவருடைய கொள்கை. எலி என்ற சொல்லும் ஆகாது. அதில் ஏளனம் தொனிக்கிறதாம். கொறிக்கும் உயிர் ஆகையால் ‘கொறிணி’. பலர் என்றால் கொறிணிகள். வினைமுற்று கட்டாயம் உயர்திணையில் இருக்க வேண்டும்: வந்தனர், தின்றனர், ஈன்றனர்.

இதே முனைவர், லைன் வீடுகளிலிருந்து யாராவது பங்களா வாசலுக்கு வந்தால், உதவியாளர் ஜெயகுமாரியைக் கூப்பிட்டு, “நாலாம் நம்பர் வந்து நிக்குது, என்னன்னு கேளு” என்பார்.

நாலாம் நம்பர் என்பது அத்தாயி. வயது நாற்பத்தாறு. காப்பி பறிப்பதற்காகச் சமவெளியிலிருந்து மலையேறிய அவளுடைய தாத்தாவுக்கு, எஸ்டேட்காரர்கள் ஒட்டினாற்போல் கட்டிய பத்து அறைகளில் நாலாவதைக் கொடுத்தார்கள். அந்தப் பத்து அறை வரிசைக்குத்தான் லைன் என்று பெயர். மண் சுவர், தகரக் கூரை. தாத்தா போனார், அப்பா போனார், சுவர் மட்டும் போகவில்லை. போகலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு நின்றது. அத்தாயியும் அவள் கணவன் மாதப்பனும் அதற்குள் இருந்தார்கள். அவர்களைவிட அதிகமாக எலிகள் இருந்தன.

அவர்களுடைய ஒரே மகள் கனகா தலைச்சோலையில் வாக்கப்பட்டிருந்தாள். ஏழு மாதம். முதல் பிரசவம் பிறந்த வீட்டில்தான் என்று எல்லா ஊரையும் போல அந்த ஊரிலும் வழக்கம். ஆவணி பிறந்தால் பச்சைக் குழந்தை அந்த மண் சுவருக்குள் வந்து படுக்க வேண்டும். அத்தாயிக்கு அந்த நினைப்பு வந்ததிலிருந்து சோறு இறங்கவில்லை.

பங்களா வாசலில் தொங்கிய பலகையை அவள் எழுத்துக்கூட்டிப் படித்தாள். ‘வாழிடத் தரம்’. வாழ்கிற இடத்தின் தரத்தைப் பார்க்கிற ஆபீஸ் என்று புரிந்துகொண்டாள். யார் வாழ்கிற இடம் என்ற சந்தேகம் படித்தவர்கள் யாருக்கும் வரவில்லை, அவளுக்கும் வரவில்லை. மனுவோடு போய் நின்றாள்.

“ஏனுங்க, எங்கூட்டுத் தரத்தையும் கொஞ்சம் வந்து பாருங்க. எலித் தொல்ல தாங்க முடியிலீங்க. ஆவணிக்கு எம்பட புள்ள பெரசவத்துக்கு வருது.”

முனைவரின் முகம் மலர்ந்தது. “எத்தனை இருக்கும்?”

“எண்ணுனதில்லீங்க. மொதல்ல இத்தன இல்ல. மேல சோலையில அத்தி, பலா, நாவல் எல்லாம் நின்னப்ப, அதுபாட்டுக்கு அங்கயே தின்னுட்டு அங்கயே கெடந்துது. மரத்தப் பூரா வெட்டிப்போட்டு சில்வர் ஓக்கு நட்டுட்டாங்கோ. அதுல என்னத்தத் திங்கறது? பொறவு, ரிசார்ட்டு கட்டுனவங்க மிச்ச பிரியாணியக் கொண்டாந்து எங்கூட்டுக்குப் பொறத்தால ஓடையில கொட்டறாங்கோ. சோறு கெடைக்குது, பூந்து படுக்க மண் செவுரும் இருக்குது. வராம என்னங்க பண்ணும்? ஓடையில கொட்டறத நிறுத்திப்போட்டு, செவுத்துக்குச் சிமிட்டி பூசிக் குடுத்தாப் போதுமுங்க.”

முனைவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சிரித்தார். “அம்மா, நீங்க சொல்றது வாய்மொழித் தகவல். சான்று ஆகாது. உணவும் உறைவிடமும் மிகுந்தால் கொறிணிகள் பெருகுவார்களா என்பது இன்னும் விடை காணப்படாத கேள்வி. அதற்குத்தான் நாங்கள் வந்திருக்கிறோம். மூன்று ஆண்டுத் திட்டம்.”

“மூணு வருசமுங்களா? புள்ளைக்கு மூணு மாசந்தானுங்க இருக்குது!”

“புள்ளை எங்கள் ஆய்வு வரம்பில் வரவில்லை” என்றார் முனைவர்.

ஆனால் மனு வீண்போகவில்லை. மறுவாரமே நிலையத்தார் லைனுக்கு வந்துவிட்டார்கள். பத்து வீட்டையும் அளந்தார்கள். ஒன்று முதல் மூன்று வரை ‘கூடுதல் உணவுப் பகுதி’. நாலு முதல் ஆறு வரை ‘கட்டுப்பாட்டுப் பகுதி’. அங்கே எதுவும் கொடுக்கக் கூடாது, எதையும் மாற்றக் கூடாது, அடுப்படி ஓட்டையைச் சாணி வைத்து அடைப்பது உட்பட. மீதி நாலும் ‘உறைவிடச் செறிவுப் பகுதி’. அந்த வீடுகளின் மூலையில் வைக்கோலும் சுள்ளியும் குவித்தார்கள். அத்தாயியின் கதவில் ஓர் அட்டை ஒட்டப்பட்டது: ‘கொறிணி வாழிடம் – 4. குடியிருப்போருக்கு இடையூறு செய்யாதீர்.’

முதல் மூன்று வீடுகளில் காலையும் மாலையும் தட்டு வைத்தார்கள். உரித்த நிலக்கடலை, தேங்காய்ச் சில்லு, ஊறவைத்த கோதுமை, வறுத்த கருவாடு. சினையாக இருப்பவர்களுக்கும் பால் கொடுப்பவர்களுக்கும் இரண்டு பங்கு என்று சுவரில் பட்டியல் ஒட்டியிருந்தது. மூணாம் நம்பரில் இருந்த பொன்னாயியின் மருமகள் அப்போது கைப்பிள்ளைக்காரி. அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்ட முனைவர், குடியிருப்பவர்கள் தட்டைத் தொடக் கூடாது என்று உறுதிமொழிப் பத்திரத்தில் ஒரு வரி சேர்த்தார். பொன்னாயி கைநாட்டு வைத்தாள்.

ஜெயகுமாரி பெட்டிப் பொறி வைத்துப் பிடிப்பாள். காதில் எண் பொறித்த தகட்டை மாட்டி, எடை போட்டு, பிடித்த இடத்திலேயே விட்டுவிடுவாள்.

“ஏங் கண்ணு, புடிச்சதத் திருப்பி எங்கூட்டுக்குள்ளயே உடறயே!” என்று அத்தாயி ஒரு நாள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“மறுபடி புடிச்சாத்தான்க்கா எத்தனை இருக்குன்னு தெரியும். வெளிய கொண்டுபோய் விட்டா என் வேலை போயிரும். ஒப்பந்த வேலைக்கா இது.”

“எங்கூட்டுக்குப் பஞ்சாயத்து நம்பர் கேட்டு அப்பங் காலத்துல இருந்து எழுதறோம். நேத்துப் பொறந்த எலிக்குக் காதுல நம்பரு!”

“எலின்னு சொல்லாதீங்க, சார் காதுல விழுந்துரப் போவுது.”

மூணாம் நம்பருக்கும் நாலாம் நம்பருக்கும் நடுவில் இருந்தது ஒரே சுவர். அதில் கை நுழையும் அளவுக்கு ஓட்டை. கூடுதல் உணவுப் பகுதிக்கும் கட்டுப்பாட்டுப் பகுதிக்கும் உள்ள அறிவியல் எல்லையை எலிகள் மதிக்கவில்லை. மூணில் தின்றன, நாலில் படுத்தன. மன்னிக்கவும்: தின்றனர், படுத்தனர்.

ஆடி மாதத்தில் மாதப்பனின் கால் விரலைக் கடித்துவிட்டார்கள். மாதப்பனுக்குப் பல வருடச் சர்க்கரை. பாதத்தில் உணர்ச்சி கிடையாது. விடிந்து பாயைச் சுருட்டும்போதுதான் ரத்தத்தைப் பார்த்தார். சுண்டுவிரலில் நுனி இல்லை. ஆஸ்பத்திரியில் மருந்து வைத்துக் கட்டினார்கள்.

நிலையம் உடனே நடவடிக்கை எடுத்தது. நாலாம் நாள் எஸ்டேட் ரைட்டர் பெருமாள் ஒரு கடிதத்தோடு வந்தார். தொழிலாளர் வருகையை எழுதுவதுதான் அவர் வேலை. கடிதம் படித்துக் காட்டுவது ஊருக்காகச் செய்கிற உபகாரம். மாதப்பன் கட்டுப்போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். ரைட்டர் படித்தார்:

“கட்டுப்பாட்டுப் பகுதியான நான்காம் வாழிடத்தில், முன் அனுமதியின்றிக் கொறிணிகளுக்குப் புரத உணவு வழங்கப்பட்டிருப்பது தெரியவருகிறது. இது ஆய்வின் நடுநிலையைக் குலைக்கும் செயல். வழங்கப்பட்ட உணவின் எடை எத்தனை கிராம் என்பதையும், தங்கள் மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பதையும் ஏழு நாளுக்குள் எழுத்து மூலம் விளக்குக.”



“வெரலத்தான் சொல்றாங்களா ரைட்டரே?”

“ஆமா மாதப்பா. பதில் என்னன்னு எழுதறது?”

மாதப்பன் காலைப் பார்த்தார். “இனிமே வெக்க மாட்டேன்னு எழுதுங்க.”

ரைட்டர் அப்படியே எழுதினார். நிலையத்தார் அதை ஏற்றுக்கொண்டு, ஒரு முறை மன்னித்தார்கள்.

அதற்குப் பிறகு அத்தாயி பங்களாவை நம்பவில்லை. பழைய வீடுகளைப் பழுதுபார்க்க உதவி தரும் அலுவலகம் ஒன்று ஏற்காடு ஊருக்குள் இருப்பதாக ரைட்டர் சொன்னார். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறினாள். அங்கிருந்த அதிகாரி நல்ல மனிதர்தான், உட்காரச் சொன்னார். மனுவைப் படித்தார். பிறகு, “உங்க லைன் பத்தி அறிக்கையே வந்திருக்கே” என்று அலமாரியிலிருந்து வழுவழுப்பான புத்தகம் ஒன்றை எடுத்தார். முனைவர் தன் முதல் இரண்டு மாத அறிக்கையை மலையிலுள்ள எல்லா அலுவலகங்களுக்கும் அனுப்பியிருந்தார். அதிகாரி வாய்விட்டுப் படித்தார்:

“‘பத்து வீட்டு லைன். வாழிடத் தரம்: அ நிலை. உறைவிடம், ஈரப்பதம், உணவு, பகைவர் அச்சமின்மை ஆகிய நான்கிலும் முழு மதிப்பெண். கொறிணிகள் நலமாக உள்ளனர். தாய்மாரின் எடை கூடியுள்ளது. ஒரு பேறுகாலத்தில் எட்டுக் குழந்தைகள் வரை ஈன்றனர்.’ எட்டா!”

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அத்தாயியைப் பார்த்தார்.

“கொறிணிங்கறது யாரும்மா? நீங்கதானா?”

அத்தாயி யோசித்தாள். அந்தச் சொல்லுக்கு அர்த்தம் அவளுக்கு யாரும் சொல்லவில்லை. ஜெயகுமாரி எலி என்று சொல்லாதே என்றாளே தவிர, வேறு என்ன சொல்வது என்று சொல்லிக்கொடுக்கவில்லை. கதவில் ஒட்டியிருப்பது குடியிருக்கிறவர்களின் பெயராகத்தானே இருக்கும்?

“எங்கூட்டுக் கதவுல அப்புடித்தானுங்க எழுதி ஒட்டியிருக்குது.”

அதிகாரி சாதிப் பட்டியலை எடுத்து மேலிருந்து கீழாக ஒரு முறையும் கீழிருந்து மேலாக ஒரு முறையும் தேடினார். கொறிணி இல்லை. புதிதாகச் சேர்த்திருப்பார்கள், நமக்கு இன்னும் ஆணை வரவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கோப்பில் எழுதினார்: ‘மனுதாரர் கொறிணி சமூகத்தைச் சேர்ந்தவர். ஏற்கெனவே அ நிலை வாழிடத்தில் வசிப்பதால் மனு நிராகரிக்கப்படுகிறது.’

“ஏம்மா, எல்லா வசதியும் இருந்தும் இன்னும் வேணும்னு வந்து நின்னா, இல்லாதவங்க என்னம்மா பண்ணுவாங்க?” என்று வருத்தத்தோடு அனுப்பிவைத்தார்.

அத்தாயி பஸ்ஸில் வரும்போது அந்த எட்டுக் குழந்தைகளையே நினைத்துக்கொண்டு வந்தாள். கொட்டச்சேட்டில் இறங்கும்போது அவளுக்கு விளங்கிவிட்டது. வீட்டுக்குப் போகவில்லை. நேராகப் பங்களாவுக்குப் போனாள்.

“சார், கொறிணின்னா எலிதானுங்களே?”

“அந்தச் சொல்லை நாங்கள் பயன்படுத்துவதில்லை.”

“நீங்க பயன்படுத்த வேண்டாமுங்க. ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்க போதும். ‘அது எலி, இந்தப் பொம்பள மனுசி’ன்னு. ஆபீசுல ரெண்டையும் ஒண்ணாக்கிப் போட்டாங்கோ. எம்புள்ளைக்கு நாளு நெருங்கிருச்சுங்க.”

முனைவருக்குக் கோபம் வரவில்லை. வருத்தம்தான். “அம்மா, அறிக்கை அச்சாகிவிட்டது. கொறிணி என்று எழுதினால் அது ஆய்வு. எலி என்று எழுதினால், எலியைப் பார்க்க மூன்று ஆண்டு எதற்கு, பங்களா எதற்கு, ஜீப் எதற்கு என்று கேட்பார்கள். ஒரு சொல்லுக்காக இந்த மலையின் அறிவியலைப் பலி கொடுக்கச் சொல்கிறீர்களா?”

ஆவணி மூன்றாம் தேதி கனகாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. சிசேரியன். ஏழாம் நாள் வீட்டுக்கு அனுப்பும்போது, மாதப்பனின் காலுக்குக் கட்டுப் போட்ட அதே நர்ஸ் அத்தாயியைத் தனியாக அழைத்தார்: “அந்த ஊட்டுக்குக் கொண்டுபோகாதீங்க. பச்சக் கொழந்த பால் வாசனைக்கு எலி மூஞ்சியத்தான் கடிக்கும். சொல்லிட்டேன்.”

அதே நாளில்தான் பங்களாவில் மதிப்பீட்டுக் குழுவின் வருகை. முந்தின நாள் அத்தாயியைத்தான் பங்களாவைக் கூட்டிப் பெருக்கக் கூப்பிட்டிருந்தார்கள். அப்போதுதான் பின்பக்கம் புதிதாகக் கட்டியிருந்த தீவன அறையை அவள் உள்ளே போய்ப் பார்த்தாள். சிமெண்டுத் தரை. சிமெண்டுச் சுவர். கதவுக்கு முழங்கால் உயரம் இரும்புத் தகடு. ஜன்னலுக்குச் சன்னக் கம்பி வலை. பங்களாவுக்குள் எலிகள் வந்து, தட்டில் வைப்பதற்கு முன்பே தீவனத்தைத் தின்றுவிட்டால் ஆய்வு கெட்டுவிடும் என்பதால் முனைவர் சிரத்தையாகக் கட்டவைத்த அறை. அந்த எஸ்டேட்டில் எலி நுழைய முடியாத ஒரே இடம். கடலை மூட்டை ஒரு பக்கம், தேங்காய் ஒரு பக்கம், நடுவில் தாராளமாக ஒரு பாய் விரிக்கலாம்.

அத்தாயி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஜெயகுமாரி அவளைப் பார்த்தாள்.

“சாவி ஆணியில தொங்குதுக்கா. நாளைக்கு நான் முன்பக்கம் டீ குடுத்துட்டு இருப்பேன். பின்பக்கம் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேன்.”

மறுநாள் முற்பகல் பங்களா வராந்தாவில் கூட்டம் தொடங்கியது. குழுத் தலைவர் ஒருவர், உறுப்பினர்கள் நாலு பேர், சிறப்பு அழைப்பாளராக ஏற்காட்டிலிருந்து அந்த வீட்டு உதவி அதிகாரி. முனைவர் திரையில் படம் காட்டிப் பேசினார்.

“உணவும் உறைவிடமும் நன்றாக இருந்தால் ஓர் உயிர் பெருகும். இரண்டும் கெட்டால் அவ்வுயிர் குறையும், அல்லது இடம் பெயரும். இந்த மலையில் இதை முதன்முதலில் நிறுவியவர்கள் நாம்!”

கைதட்டல்.

“அந்த வாழிடத்தில் வேறு உயிர்கள் உண்டா?” என்று கேட்டார் தலைவர்.

“உண்டு. மனிதர்கள். தொடங்கும்போது பத்துக் குடும்பம். மூன்று குடும்பம் வைக்கோலுக்குப் பிறகு இடம் பெயர்ந்துவிட்டது. அது நமக்கு நல்லதுதான். இடையூறு குறைகிறது.”

தலைவர் குறித்துக்கொண்டார். அடுத்து அதிகாரியைப் பேசச் சொன்னார்கள். அவர் மைக்கைப் பிடித்தார்.

“கொறிணி மக்களைப் பத்தி முனைவர் எழுதினதைப் படிச்சேன். நேர்லயும் பாத்தேன். ஒரு கொறிணித் தாய் என் ஆபீசுக்கே வந்தாங்க. உக்காரச் சொன்னேன், உக்காந்தாங்க. மனு குடுத்தாங்க.”

“மனு கொடுத்ததா?” தலைவர் நாற்காலியின் நுனிக்கு வந்தார்.

“கையெழுத்தே போட்டாங்க சார்.”

உறுப்பினர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒருவர் பேனாவை எடுத்து ‘வியத்தகு அறிவாற்றல்’ என்று எழுத ஆரம்பித்தார். முனைவருக்கு வியர்த்தது. அந்த நேரத்தில் பங்களாவின் பின்பக்கத்திலிருந்து ஒரு குழந்தை வீறிட்டது.

எல்லோரும் பின்னால் ஓடினார்கள். ஓர் ஆட்டோ புகையைக் கக்கிக்கொண்டு திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. தீவன அறைக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

“உள்ள யாரு?” என்று தட்டினார் முனைவர்.

“நாலாம் நம்பருங்க” என்றது உள்ளிருந்து ஒரு குரல்.

அதிகாரிக்கு மகிழ்ச்சி. “அட, அந்தக் கொறிணி அம்மா! இவங்களத்தான் சொன்னேன் சார்!”

முனைவர் பல்லைக் கடித்தார். மூன்று மாதமாக வாயில் வராத சொல் வந்தது. “யோவ், கொறிணின்னா எலிய்யா! எலி!”

அதிகாரிக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. “எட்டுக் கொழந்த?”

“எலிக்கு.”

“நலமாக உள்ளனர்?”

“எலிங்க!”

“அப்ப அந்த அ நிலை?”

அதிகாரியின் முகம் கறுத்தது. “அப்ப அதை எழுத்துல குடுங்க சார். எலின்னு ஒரு வரி. இங்கயே என் உத்தரவ மாத்திப் போடறேன். நான் அந்தம்மாவத் திட்டி அனுப்பியிருக்கேன்.”

முனைவர் குழுத் தலைவரைப் பார்த்தார். தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எலி என்று எழுதினால் இந்தத் திட்டத்துக்குப் பரிந்துரைத்த தானும் எலிக்குப் பரிந்துரைத்ததாக ஆகும் என்பது அவருக்குத் தெரியும். “இதை இப்போது பதிவுசெய்ய வேண்டாம். சாப்பாடு ஆறுகிறது” என்றார். கூட்டக் குறிப்பில் ‘சொல்லாட்சி குறித்துச் சிறு விவாதம் நடந்தது’ என்று ஒரு வரி ஏறியது. குழு சாப்பிடப் போனது. அதிகாரி மட்டும் சாப்பிடாமல் பஸ்ஸுக்கு நடந்தார். எழுத்தில் இல்லாததை அவராலும் எழுத முடியாது.

பாயசம் முடிந்து, குழுவின் கார்கள் கிளம்பின பிறகு முனைவர் திரும்பி வந்தார். இந்த முறை தட்டவில்லை, குத்தினார்.

“அம்மா, மரியாதையாக் கதவைத் தொறங்க! மூணு மணிக்குத் தட்டு வைக்கணும். உள்ள இருக்கறது எல்லாம் எலித் தீவனம்!”

உள்ளே குழந்தை அழுகையை நிறுத்தியிருந்தது. தேங்காய் உடைபடும் சத்தம் கேட்டது.

“தெரியுமுங்க” என்றாள் அத்தாயி. “நொம்ப நல்ல கடலையா இருக்குது. புள்ளப் பெத்த எம்பட புள்ளைக்கு, இந்த மலையில யாரும் இத்தன நல்லதாப் போட்டதில்லீங்க.”